நேப்பிள்ஸ் நகருக்குச் செல்வதும் அங்கே சுற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

நேப்பிள்ஸின் வரைபடத்தை வைத்துக்கொண்டு பயணத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நகரின் நடுவே ஓடும் வியா தொலெதோ தெருவுக்கும், அதன் மேற்கே குன்றின்மீது நிற்கும் சான் மார்த்தினோ மடத்துக்கும் இடையே வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பத்து நிமிட நடைதானே என்று கிளம்பினால், 150 மீட்டருக்கும் மேலான ஏற்றம் படிக்கட்டுகளாக வந்து மூச்சை வாங்கிவிடும். கடற்கரை, குன்று, நிலத்தடி என்று மூன்று அடுக்குகளாக அமைந்த ஊர் இது. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கென்று ஒரு வாகனம் இருக்கிறது. எந்த இடத்தில் எதை விட்டு எதில் ஏறுவது என்பது பிடிபட்டுவிட்டால், குழப்பத்துக்குப் பேர்போன இந்த நகரத்தில் வழி தவறுவது அரிது. அதனால் இந்த வழிகாட்டியில் தூரத்தைவிட உயரத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

ரயில் நிலையப் பலகைகளிலும் பயணச்சீட்டுகளிலும் ஊரின் பெயர் 'நாப்போலி' என்றே இருக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பத்தில் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால், கீழே சொல்லியிருப்பதைப் படித்து எந்தப் பகுதியில் தங்குவது என்று முடிவு செய்தபின் பதிவு செய்வது நல்லது.

முதற்படி: வந்து சேர்தல்

சென்னையிலிருந்து நேப்பிள்ஸுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றிலோ ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ மாறி, நேப்பிள்ஸின் கப்போதிக்கீனோ விமான நிலையத்தில் இறங்கலாம். அல்லது ரோமில் இறங்கி ரயிலில் வரலாம். கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ரோமின் ஃபியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து 'லெயோனார்தோ எக்ஸ்பிரஸ்' ரயில் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்துக்குக் கொண்டுவிடும். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 1 மணி 10 நிமிடத்தில் நேப்பிள்ஸ் வந்துவிடும்.

இந்த வழியில் ஓடும் அதிவேக ரயில்கள் இரண்டு நிறுவனங்களுடையவை: அரசின் டிரெனிட்டாலியா நடத்தும் 'ஃப்ரெச்சாரோஸ்ஸா' ஒன்று, தனியார் 'இட்டாலோ' மற்றொன்று. ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. இரண்டிலும் விமானச்சீட்டைப் போலவே முன்கூட்டி வாங்குபவருக்குக் குறைந்த விலையும் கடைசி நேரத்தில் வாங்குபவருக்கு இரண்டு மூன்று மடங்கு விலையும் இருக்கும். அவசரம் இல்லாதவர்கள் 'ரெஜியோனாலே' எனப்படும் சாதாரண ரயிலை எடுக்கலாம். அது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் கட்டணம் எந்த நாளும் ஒன்றுதான். ஃபோர்மியா வழியாகச் செல்லும் வண்டியாக இருந்தால் இடையிடையே கடலையும் காணலாம். ரெஜியோனாலேயின் காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையருகே உள்ள இயந்திரத்தில் நுழைத்து முத்திரையிட வேண்டும். அதை மறந்தால், சீட்டு வாங்கியிருந்தும் அபராதம் கட்ட நேரிடும்.

சீட்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியது நிலையத்தின் பெயர். 'நாப்போலி சென்ட்ராலே' என்பதுதான் நகரின் மையத்தில் உள்ள நிலையம். 2017-இல் திறக்கப்பட்ட 'நாப்போலி அஃப்ரகோலா' என்ற மற்றொரு நிலையம் நகருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜஹா ஹதித் வடிவமைத்த அழகான நிலையம்தான். ஆனால் பெட்டியுடன் அங்கே இறங்கிவிட்டு மெட்ரோவைத் தேடினால் கிடைக்காது. தெற்கு நோக்கிச் செல்லும் அதிவேக ரயில்கள் சில அஃப்ரகோலாவில் மட்டும் நின்று சென்ட்ராலேவைத் தொடாமலே போய்விடும்.

விமானத்தில் வருபவர்களுக்குப் பாடு குறைவு. கப்போதிக்கீனோ நகருக்குள்ளேயே இருக்கும் விமான நிலையம். 'அலிபஸ்' என்ற பேருந்து அங்கிருந்து சென்ட்ராலே நிலையம் வழியாகத் துறைமுகம் வரை போகிறது. போக்குவரத்து சீராக இருந்தால் நிலையத்துக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். டாக்சி எடுப்பவர்கள் வண்டி நகர்வதற்கு முன்பே 'தரிஃபா ஃபிஸ்ஸா' என்று கேட்க வேண்டும். விமான நிலையம், ரயில் நிலையம், துறைமுகம் ஆகியவற்றுக்கு இடையே நகராட்சி நிர்ணயித்த கட்டணங்கள் உண்டு. அவற்றின் அட்டை வண்டிக்குள்ளேயே இருக்கும். ஆனால் பயணி முதலில் கேட்டால்தான் அந்தக் கட்டணம். கேட்காமல் உட்கார்ந்துவிட்டால் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

கார் வாடகைக்கு எடுப்பதைப் பற்றி ஒரே வரி போதும்: வேண்டாம். பழைய நகரின் பெரும்பகுதி உள்ளூர் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி. கேமரா படம் எடுத்து, நீங்கள் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

இரண்டாம் படி: எங்கே தங்குவது

சென்ட்ராலே நிலையத்தைச் சுற்றி விடுதிகள் மலிவு. விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அவை பொருந்தும். ஆனால் இரவில் அந்தப் பகுதி மனத்துக்கு இதமாக இருக்காது. பழைய நகரான ஸ்பாக்கானாப்போலி, வியா தெய் திரிபுனாலி தெருக்களில் தங்கினால் எல்லாம் நடைதூரத்தில் இருக்கும். கருங்கல் பாவிய தெருக்களில் பெட்டியின் சக்கரம் தடுக்கும் என்பதையும், நள்ளிரவு தாண்டியும் ஸ்கூட்டர் சத்தம் அடங்காது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அங்குள்ள பழைய கட்டடங்களில் நான்காம் மாடி என்பது நம் ஊர்க் கணக்கில் ஐந்தாறு மாடிக்குச் சமம். முதியவர்களுடன் செல்பவர்களுக்குக் குன்றின்மேல் உள்ள வோமெரோ பகுதி சிறந்தது. அது சமதளமான, மரங்கள் நிழல் தரும் குடியிருப்புப் பகுதி. மெட்ரோவும் கேபிள் ரயில்களும் அங்கிருந்து கீழே இறக்கிவிடும். நான் இரண்டு முறை பழைய நகரிலும் ஒரு முறை வோமெரோவிலும் தங்கியிருக்கிறேன். தூக்கம் முக்கியம் என்றால் வோமெரோதான்.

மூன்றாம் படி: சீட்டுகளைப் புரிந்துகொள்ளுதல்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நகரப் போக்குவரத்தை மூன்று நிறுவனங்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. மெட்ரோவின் லைன் 1, லைன் 6, நான்கு கேபிள் ரயில்கள், நகரப் பேருந்துகள் ஆகியவை ஏ.என்.எம். என்ற நகராட்சி நிறுவனத்துடையவை. லைன் 2 பெயரளவில் மெட்ரோவாக இருந்தாலும், அதை நடத்துவது டிரெனிட்டாலியா. எரிமலைச் சாம்பலில் புதைந்த பண்டைய நகரான பொம்பேயிக்குப் போகும் சிர்கும்வெசுவியானா ரயில் ஈ.ஏ.வி. என்ற மாகாண நிறுவனத்துடையது. ஒரு நிறுவனத்தின் ஒற்றைப் பயணச்சீட்டு அதன் வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். லைன் 1-இல் இறங்கி லைன் 2-க்கு மாறப்போகிறீர்கள் என்றால் 'இன்டெக்ராத்தோ' என்று கேட்டு ஒருங்கிணைந்த சீட்டை வாங்க வேண்டும். நகர எல்லைக்குள் அது 90 நிமிடம் வரை எல்லா நிறுவன வண்டிகளுக்கும் பொருந்தும். விலை வேறுபாடு சில்லறைக் காசுதான் என்பதால், சந்தேகமாக இருந்தால் இதையே வாங்கிவிடுங்கள்.

சீட்டுகள் நிலையத்து இயந்திரங்களில் கிடைக்கும். அவற்றில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் இருப்பது வழக்கம். கருநீலப் பலகையில் 'T' எழுத்துடன் இருக்கும் புகையிலைக் கடைகளிலும், செய்தித்தாள் கடைகளிலும் சீட்டு விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் இந்தக் கடைகளில் பல மூடியிருப்பதால், சனிக்கிழமையே நான்கைந்து சீட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். லைன் 1-இன் நுழைவாயில்களில் தொடுபணம் செலுத்தும் வங்கி அட்டையைத் தொட்டே உள்ளே போகலாம். பேருந்தில் ஏறியதும் சீட்டை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும்; உள்ளூர்க்காரர் யாரும் முத்திரையிடவில்லையே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

நான்காம் படி: நிலத்தடியில் செல்லுதல்

லைன் 1 தான் பயணிக்கு முதுகெலும்பு. ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள கரிபால்டி சதுக்கத்தில் தொடங்கினால், அடுத்தடுத்து துவோமோ, உனிவெர்சிதா, முனிசிபியோ, தொலெதோ, தாந்தே, முசேயோ என்று பழைய நகரின் விளிம்பைச் சுற்றிவந்து, பின் குன்றுக்குள் வளைந்து ஏறி, வோமெரோவின் வன்வித்தெல்லி நிலையத்தை அடைகிறது. துறைமுகத்துக்கு முனிசிபியோ, கடைத்தெருவுக்கு தொலெதோ, பழைய தெருக்களுக்கு தாந்தே, தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு முசேயோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும்.

இந்தப் பாதையைக் கட்டி முடிக்க இத்தனை ஆண்டுகள் ஆனதற்குக் காரணம், தோண்டிய இடமெல்லாம் பழைய நகரம் வெளிப்பட்டதுதான். முனிசிபியோ சதுக்கத்தில் தோண்டியபோது பண்டைய துறைமுகத்தின் சேற்றில் புதைந்திருந்த ரோமானியக் கப்பல்கள் கிடைத்தன. துவோமோ நிலையம் 2021-இல்தான் திறக்கப்பட்டது. அங்கே தோண்டியபோது, முதலாம் நூற்றாண்டில் இந்நகரில் நடந்த விளையாட்டு விழாவோடு தொடர்புடைய கோயில் ஒன்றின் எச்சங்கள் வெளிப்பட்டன.

2012-இல் திறக்கப்பட்ட தொலெதோ நிலையத்தில், வேலை இல்லாவிட்டாலும் ஒருமுறை இறங்குங்கள். கத்தலான் கட்டடக் கலைஞர் ஆஸ்கார் துஸ்கெத்ஸ் இதை வடிவமைத்தார். மேல்தளம் கறுப்பு நிறத்தில் தெருவின் தார் போலத் தொடங்கும். நகரும் படிக்கட்டில் இறங்க இறங்கச் சுவர்கள் மண்ணின் மஞ்சளாக மாறும். கடல்மட்டம் எந்த உயரத்தில் வருகிறதோ அங்கிருந்து சிறு சிறு நீல மொசைக் கற்கள் தொடங்கி, கீழே போகப் போக அடர்ந்துகொண்டே செல்லும். தெருவிலிருந்து நிலையத்தின் அடி வரை துளைத்திருக்கும் கூம்பு வடிவ ஒளிக்குழாயின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே காசளவு வானம் தெரியும். நேப்பிள்ஸின் மூன்று அடுக்குகளையும் ஒரே மூச்சில் புரியவைக்கும் இடம் இது. நடைமேடை ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் இருப்பதால், அவசரமாக ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தால் இறங்குவதற்கே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

லைன் 2, 1925-இல் திறக்கப்பட்டது. நகரின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்காக ஓடி, மோந்தேசாந்தோ, பியாட்சா அமெதேயோ, மெர்ஜெல்லினா வழியாகப் பொட்சுவோலி வரை செல்கிறது. லைன் 1-இன் முசேயோ நிலையமும் லைன் 2-இன் கவூர் நிலையமும் சுரங்கப்பாதையால் இணைக்கப்பட்டிருப்பதால், வெளியே வராமலே மாறிக்கொள்ளலாம். வெளியே வந்தாலும் நட்டமில்லை. நேப்பிள்ஸில் வாழும் வெளிநாட்டவருள் மிகப் பெரிய சமூகம் இலங்கையர்களுடையது. பெரும்பாலோர் சிங்களர். கவூர் பகுதியிலும் அதை ஒட்டிய சனித்தா பேட்டையிலும் அவர்களுடைய கடைகளைக் காணலாம். பாஸ்தா சலித்துப்போன நாளில் சோறும் கறியும் அங்கே கிடைக்கும்.

பொட்சுவோலி பக்கம் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அது கம்பி ஃப்ளெக்ரே என்ற எரிமலைப் பகுதி. நிலம் மெல்ல உயர்ந்துகொண்டிருக்கும் அப்பகுதியில் சிறு நிலநடுக்கங்கள் அடிக்கடி வரும். சற்றே வலுவாக ஒன்று வந்தால், தண்டவாளங்களைச் சோதிப்பதற்காக ரயில்களைச் சில மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். திரும்பும் நாளில் விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மெட்ரோ இரவு 11 மணியையொட்டி நின்றுவிடும். வார இறுதியில் சற்றுத் தாமதமாகும். அதன்பின் டாக்சிதான்.

ஐந்தாம் படி: குன்றேறுதல்

பழனி மலையில் வின்ச்சில் ஏறியவர்களுக்கு நேப்பிள்ஸின் 'ஃபுனிகோலாரே' எனப்படும் கேபிள் ரயில் எப்படி இயங்குகிறது என்று விளக்க வேண்டியதில்லை. ஒரே கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு வண்டிகள்; ஒன்று இறங்கும் எடை மற்றொன்றை ஏற்ற உதவும்; நடுவழியில் பாதை இரண்டாகப் பிரிந்து இரண்டும் விலகிக்கொள்ளும். வேறுபாடு என்னவென்றால், இங்கே அதில் பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பாட்டிமாரும் அலுவலகம் செல்வோரும் ஏறுகிறார்கள். கியாயா (1889), மோந்தேசாந்தோ (1891), சென்ட்ராலே (1928), மெர்ஜெல்லினா (1931) என்ற நான்கில் முதல் மூன்றும் வோமெரோவுக்கு ஏறுகின்றன. பயணிக்கு மிகவும் பயன்படுவது சென்ட்ராலே. பெயரைப் பார்த்து ரயில் நிலையத்தில் தேட வேண்டாம். அதன் அடிநிலையம் வியா தொலெதோ தெருவில், கலேரியா உம்பெர்த்தோ என்ற கண்ணாடிக் கூரை வணிக வளாகத்துக்கு எதிரே இருக்கிறது. சான் மார்த்தினோவுக்கும் சாந்தேல்மோ கோட்டைக்கும் நேராகப் போக வேண்டுமென்றால் மோந்தேசாந்தோ ஃபுனிகோலாரே இன்னும் அருகில் இறக்கிவிடும்.

கோட்டையின் மதிலில் நின்று கீழே பார்த்தால், கூரைகளின் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு நேராக ஓடும். அதுதான் ஸ்பாக்கானாப்போலி, 'நேப்பிள்ஸைப் பிளப்பது' என்று பொருள். கிரேக்கர் காலத்துத் தெருவமைப்பு இன்னும் அப்படியே இருப்பதை இங்கிருந்துதான் முழுதாகக் காண முடியும். பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஃபுனிகோலாரேயை விட்டுவிட்டு, மடத்தின் வாசலிலிருந்து தொடங்கும் 'பெதமெந்தீனா' படிக்கட்டில் இறங்குங்கள். மொத்தம் 414 படிகள். ஏறுவதற்குத்தான் கடினம், இறங்கும்போது தோட்டங்களும் எலுமிச்சை மரங்களும் எதிரே வெசுவியஸ் எரிமலையும் துணைக்கு வரும். மழை பெய்திருந்தால் கற்கள் வழுக்கும்.

இந்த ஊரின் உயரக் கணக்குக்கு இன்னொரு வேடிக்கையான சான்று சனித்தா பேட்டை. அருங்காட்சியகத்திலிருந்து வடக்கே நடந்தால் ஒரு பாலத்தைக் கடப்பீர்கள். வரைபடத்தில் சனித்தா அங்கேயே இருக்கும், கண்ணில் படாது. அது பாலத்துக்குக் கீழே இருக்கிறது. பாலத்திலேயே உள்ள லிஃப்டில் இறங்கினால் கீழே பேட்டையின் சந்தடிக்குள் போய் நிற்பீர்கள். 1943-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்க்க இருந்த இப்பாலத்தைக் காப்பாற்றிய மத்தலேனா செரசுவோலோ என்ற பெண்ணின் பெயரைத்தான் பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நடப்பதைப் பற்றி இரண்டு சொற்கள். கோடு போட்ட இடத்திலும் வண்டிகள் தாமாக நிற்காது. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்தபடி, ஓடாமலும் தயங்காமலும் ஒரே வேகத்தில் கடந்தால் அவர்கள் உங்களைச் சுற்றிப் போய்விடுவார்கள். நடுவில் நின்றுவிடுவதுதான் ஆபத்து. பையைச் சுவர்ப்பக்கத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வழி பார்க்க வேண்டுமானால் ஒரு கடைவாசலில் ஒதுங்கிப் பாருங்கள்.

ஆறாம் படி: பொம்பேயிக்குப் போய்வருதல்

சென்ட்ராலே நிலையத்தின் கீழ்த்தளத்தில் அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்தால் சிர்கும்வெசுவியானாவின் கரிபால்டி நிலையம் வரும். பழைய வண்டிகள், குளிர்சாதனம் சந்தேகம், கூட்டம் நிச்சயம். அடுத்த நிலையமான போர்த்தா நொலானாவிலிருந்துதான் வண்டி புறப்படுகிறது. பத்து நிமிடம் நடந்து அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். கோடைக்காலத்தில் இது பெரிய உதவி.

ஏற வேண்டியது 'சொரெந்தோ' என்று போட்ட வண்டியில். இறங்க வேண்டியது 'பொம்பேயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி' நிலையத்தில். 35 முதல் 40 நிமிடம் ஆகும். அகழாய்வு வாசல் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 'பொம்பேயி' என்று மட்டும் பெயர் கொண்ட டிரெனிட்டாலியா நிலையமும், வேறு தடத்தில் 'பொம்பேயி சாந்துவாரியோ' என்ற நிலையமும் உள்ளன. அவற்றில் இறங்கினாலும் நடந்து மறுபக்க வாசலை அடையலாம் என்பதால் கவலை இல்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது ஒத்தவியானோ வழியாகச் சார்னோ போகும் வண்டியைப் பற்றித்தான். முதல் முறை போனபோது நடைமேடையில் வந்து நின்ற முதல் வண்டியில் ஏறிவிட்டேன். அரை மணி நேரம் கழித்தும் கடல் கண்ணில் படவில்லை. வெசுவியஸ் மட்டும் வலப்பக்க ஜன்னலில் வந்துகொண்டே இருந்தது. எதிரே இருந்த பெரியவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, கையை வட்டமாகச் சுழற்றி, மலையின் பின்பக்கம் போய்க்கொண்டிருக்கிறாய் என்று புரியவைத்தார். அன்று கற்ற விதி இது: எரிமலை இடப்பக்கமும் கடல் வலப்பக்கமும் இருந்தால் சரியான வண்டி, எரிமலை வலப்பக்கம் வந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுங்கள்.

2024 நவம்பர் முதல் பொம்பேயிக்கு ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி. சீட்டில் பெயரும் இருக்கும். அதனால் இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட்டு, கடவுச்சீட்டையும் கொண்டுபோங்கள். வெயிலும் நடையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதே தடத்தில் முன்னதாக வரும் 'எர்கொலானோ ஸ்காவி'யில் இறங்கலாம். நிலையத்திலிருந்து கடலை நோக்கி நேராக இறங்கும் தெருவின் முடிவில், பொம்பேயியைப் போலவே எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியம் இருக்கிறது. பரப்பில் சிறியது, ஆனால் மாடிகளும் கருகிய மர உத்தரங்களும்கூட எஞ்சியிருக்கின்றன. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால், நான் பொம்பேயியை விட்டு இதற்கே போவேன்.

ஏழாம் படி: தீவுகள்

காப்ரி, இஸ்கியா, புரோசிதா ஆகியவற்றுக்கு விரைவுப் படகுகள் மோலோ பெவெரெல்லோ துறையிலிருந்து கிளம்புகின்றன. முனிசிபியோ மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய, மெதுவான கப்பல்கள் கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா என்ற வேறு துறையிலிருந்து புறப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே நடக்கத் தூரம் இருப்பதால், சீட்டில் எந்தத் துறை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காப்ரிக்கு விரைவுப் படகில் சுமார் 50 நிமிடம். காற்று அடித்தால் முதலில் ரத்தாவது விரைவுப் படகுகள்தான். கப்பல்கள் பெரும்பாலும் ஓடும். வயிறு புரட்டும் என்று அஞ்சுபவர்களுக்கும் கப்பலே மேல். தீவில் இறங்கியதும் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கோடையானால் அப்போதே சீட்டையும் வாங்கிவிடுங்கள்.

கிளம்பும் நாள்

இத்தாலியில் 'ஷோப்பெரோ' எனப்படும் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். அன்றும் வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி. நகரப் போக்குவரத்துக்கும் இதுபோன்ற உறுதி நேரங்கள் உண்டு. நிலையத்து அறிவிப்பில் பாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக விடுதிக்காரரிடம் ஷோப்பெரோ ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அறையைக் காலி செய்தபின் விமானத்துக்கு நேரம் இருந்தால், சென்ட்ராலே நிலையத்தின் பெட்டிக் காப்பறையில் சுமையை வைத்துவிட்டு லைன் 1-இல் எங்கும் போய்வரலாம். விமான நிலையத்துக்கு அலிபஸ் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் மாலை நேரத்தில் துறைமுக நிறுத்தத்தில் ஏறாதீர்கள். மெட்ரோவில் கரிபால்டி வரை வந்து அங்கே ஏறினால், கடற்கரைச் சாலை நெரிசலில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.